முதல் வரியில் கலாவின் பெயர்

சேகர்,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. வீட்டில் பசை இல்லாமல் இல்லை, வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. கடைக்குச் சரக்கு எடுக்க மெட்ராஸ் வரும் அன்வர் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவர் படித்தாலும் படிக்கட்டும், உன் அறையில் இருக்கிற பையன்கள் படித்தாலும் படிக்கட்டும். உன் ஆபீசில் வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி கலாவின் பெயரைச் சுவரில் மாட்டிவைத்தார்களே, அதைவிட இது ஒன்றும் பெரிய அவமானம் இல்லை. அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதே. கோபம் போன வாரம் இருந்தது. திண்டிவனத்தில் கலா வீட்டுக்குப் போய்விட்டு வந்ததும் ஆறிவிட்டது. இப்போது மனசில் இருப்பது கவலைதான். வைகாசியில் உனக்குக் கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். அது நடக்குமா நடக்காதா என்பது இன்றைக்கு உன் கையில் இருக்கிறது. உனக்கோ அது தெரியவே இல்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் டியூட்டி நேரம் பார்த்து நீ போன் செய்தாயே, அன்றைக்கு என்ன சொன்னாய்? "கலா சரியா பேசறதில்லம்மா, கல்யாண டென்ஷன் போலக்குது" என்றாய். அதற்கு முன்னால், "ஆபீஸ்ல ஒரு ஃபைலே காணாமப் போச்சு, என் புரோகிராம்தான் புடிச்சுக் குடுத்துச்சு, மேனேஜர் தோள்ல தட்டினாரு" என்று ஒரே குதூகலம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன உனக்கு இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாலு நாள் கழித்துத் திண்டிவனத்திலிருந்து நம் வீட்டுப் பெயரைச் சொல்லி ஒரு கால் வந்தது. பலகையில் ஒயரைச் செருகி எடுத்ததும் நான்தான், பேச வேண்டிய ஆளும் நான்தான். கலாவின் அப்பா. "பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டீங்களாம்மா? கொஞ்சம் நிறுத்தி வைங்க. பொண்ணு யோசிக்கணும்ங்குது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எத்தனையோ வீட்டுச் சேதியை இந்தக் காதில் கேட்டுவிட்டுச் சத்தம் காட்டாமல் அடுத்த ஒயரைச் செருகியவள்தான் நான். அன்றைக்கு அடுத்த ஒயரைத் தப்பான ஓட்டையில் செருகிவிட்டேன்.

உன் நைனாவிடம் சொன்னேன். சிங்கவரத்துக் கடலைக் கொல்லையிலிருந்து அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "படிச்ச புள்ளைங்க, அதுங்களுக்குள்ள இன்னா இருக்குதோ. நமக்கு இன்னா தெரியும், வுடு" என்றார். விடுவதா? சனிக்கிழமை கலா ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன். நிச்சயம் ஆன பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையின் அம்மா தனியாகப் போகலாமா, கூடாதா என்று உன் பெரியம்மா இன்னும் முணுமுணுத்துக்கொண்டு இருக்கிறாள். முணுமுணுக்கட்டும்.

கலா சொன்னதைச் சொல்வதற்கு முன்னால், பொங்கலுக்கு நீ வந்தபோது நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட அகலத் தாள், மடிப்பு மடிப்பாக ஒரு கட்டுக் கொண்டுவந்தாய். கம்ப்யூட்டர் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் தானே எழுதி வைத்துக்கொண்டே போகும், யார் வந்தார்கள், எதைத் திறந்தார்கள், எங்கே நின்றுபோனது எல்லாம் அதில் இருக்கும், அதற்கு லாக் என்று பெயர் என்றாய். ஏதாவது கோளாறு வந்தால் உங்கள் கூட்டம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, அந்தத் தாள் குவியலை விரித்துப்போட்டு, ஸ்கேலை வைத்து வரி வரியாகத் தேடுவீர்களாம். கண் பூத்துப்போகுமாம். நீ எழுதிய புரோகிராம் அந்தக் குவியலைத் தானே படித்து, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை மட்டும் நேர வரிசைப்படி ஒரே தாளில் கொடுத்துவிடும் என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ காட்டி முடித்த தாளையெல்லாம் உன் நைனா தளத்தில் விரித்து வேர்க்கடலை காயவைத்துவிட்டார், அது வேறு.

அப்போது நான் வடை தட்டிக்கொண்டு இருந்தேன். நீ ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மா, பார்த்ததும் முதல்ல கண்ணுல இன்னா படுது, சொல்லு" என்றாய். கம்ப்யூட்டரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியும். "பேருதான்டா படுது" என்றேன். நீ துள்ளிக் குதித்தாய். "அதான் கரெக்ட்! அப்ப பேரையே மேல கொண்டு போயிடறேன். யார் பார்த்தாலும் டக்குன்னு புரியணும்" என்றாய். எது கண்ணில் படுகிறது என்று கேட்டாய், சொன்னேன். எது கண்ணில் பட்டால் நல்லது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அவசரத்தில் நான் என்ன சொல்லியிருப்பேனோ!

அதே பொங்கலுக்கு நீ சிரித்துக்கொண்டே சொன்ன இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. உங்கள் ஆபீசில் உட்கார்ந்து தட்டுகிற டெர்மினல் கொஞ்சம், ஆள் நிறைய. ஒவ்வொருவரும் தன் பெயரைக் கொடுத்து உள்ளே போவதற்குள் காபி ஆறிவிடும் என்றாய். அதனால் காலையில் முதலில் வருகிறவர் தன் பெயரில் திறந்துவிட்டால், சாயங்காலம் வரைக்கும் அதே பெயரில்தான் எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்து வேலை செய்வீர்கள். ஹாஸ்டல் பக்கத்திலேயே இருப்பதால் தினமும் முதலில் வருகிறவள் கலா. "அவ வந்து கதவத் தொறந்தாதாம்மா எங்களுக்கெல்லாம் பொழுது விடியும்" என்று சொல்லும்போது உன் முகத்தில் இருந்த களையைப் பார்த்துத்தான், பெண் யார் என்று நான் விசாரிக்கவே ஆரம்பித்தேன்.

திண்டிவனத்தில் கலா எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், காபி கொடுத்தாள், எதிரில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை. நடந்ததை நிதானமாகச் சொன்னாள். நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்த ஒரு துணிக்கடையின் சரக்குக் கணக்கு முழுவதும் அழிந்துபோயிருக்கிறது. உன் புரோகிராமை ஓட்டினார்கள். ஒரே தாள் வந்தது. முதல் வரியில் பெரிய எழுத்தில் கலாவதி, அதற்குக் கீழே அழித்த நேரம், அதற்கும் கீழே என்ன அழிந்தது என்பது. "என்ன அருமையான தாள், பார்த்ததும் புரியுது பாருங்க" என்று மேனேஜர் அதை நோட்டீஸ் போர்டில் ஊசி வைத்துக் குத்திவிட்டார். உன்னைப் பாராட்டுவதற்காகத்தான் குத்தினார். திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்த கூட்டத்தில், "கலாவதி, என்னம்மா பண்ணி வச்சீங்க?" என்று கேட்டார். அவளுடைய வேலை நிரந்தரமாகிற ஆர்டர் தயாராக இருந்ததாம், அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"அந்த நேரத்துல அந்த சீட்ல நான் இல்ல அத்தை, கேன்டீன்ல இருந்தேன். யாரு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. யார் மேலயும் பழி போடவும் எனக்கு இஷ்டமில்ல. எல்லாரும் ஒரே பேர்ல வேலை செய்யறோம்னு அங்க இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். உங்க புள்ளைக்கும் தெரியும். நான் இவரைத்தான் பார்த்தேன். இவரு அந்தப் பேப்பரையே பார்த்துக்கினு இருந்தாரு" என்றாள்.

டேய், வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? 'அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இந்தத் தாளுக்குத் தெரியாது சார்' என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் உன் புரோகிராமில் ஓட்டை என்று ஆகிவிடும், தோளில் தட்டிய கை விலகிவிடும், அதுதானே? உன்னை எனக்குத் தெரியும். கெட்டவன் இல்லை. நீ செய்த சாமான்மீது உனக்கு ஆசை. அந்த ஆசையில் பக்கத்தில் இருக்கிறவள் முகம் உனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெயர் போடும் சமாச்சாரத்தில் நானும் கொஞ்சம் பட்டவள். செஞ்சிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் நான் வேலை பார்த்த எக்ஸ்சேஞ்சைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை, உறை திறந்திருக்கிறதல்லவா. அங்கே பலகைக்குப் பக்கத்தில் ஒரு டைரி இருக்கும். எந்த லைன் இரைகிறது, எது மழைக்கு அறுந்துபோகிறது, எந்த ஊரைக் கூப்பிட்டால் இரண்டு தடவை மணி அடிக்க வேண்டும் என்று ஷிப்டு முடிந்து போகிறவர் வருகிறவருக்கு எழுதிவைப்போம். சில சமயம் 'பல்லி உள்ளே விழுந்திருக்கிறது, ஜாக்கிரதை' என்றுகூட இருக்கும். பிறகு ஒரு புது சூப்பர்வைசர் வந்தார். ஒவ்வொரு வரிக்கும் நேரே எழுதியவர் பெயரைப் போடச் சொன்னார். கோளாறு என்று எழுதியவருக்கே மெமோ வந்தது. உன் ஷிப்டில் ஏன் கோளாறு ஆனது, விளக்கம் கொடு என்று! அதற்குப் பிறகு அந்த டைரியைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பக்கம் பக்கமாக 'எல்லா லைனும் சரி', 'எல்லா லைனும் சரி'. அவ்வளவு அழகான டைரி எந்த எக்ஸ்சேஞ்சிலும் இருந்திருக்காது. உண்மையெல்லாம் வாய்மொழிக்குப் போய்விட்டது. ஷிப்டு மாறும்போது காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போவோம்.

ஒருநாள் சரோஜா என்று என் கூட வேலை பார்த்தவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டாள். செஞ்சி லைனில் இந்தப் பக்கம் பேசுவது அங்கே கேட்கிறது, அங்கே பேசுவது இந்தப் பக்கம் கேட்கவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். டைரியில் வழக்கம்போல எல்லாம் சரி. அன்றைக்கு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் செஞ்சிக்கு ஒரு கால் கேட்டார், நான்தான் போட்டுக் கொடுத்தேன். செஞ்சியில் எடுத்தது யார் தெரியுமா? இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறாரே, அதே அன்வர் பாய்தான். "வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வரலாமா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "வாங்க, வாங்க, தாராளமா வாங்க" என்று பாய் அங்கே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். இவர் காதில் ஒன்றும் விழவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதான் பதிலே சொல்லவில்லை என்று போனை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பாய் வீட்டில் பிரியாணி ஆறிப்போனது, ஒருத்தரும் வரவில்லை.

மறுநாள் பாய் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு பஸ் ஏறி வந்து அவர் வீட்டு வாசலில் நின்றார். இருவரும் பேசித் தெளிந்து, நேராக எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே குரலில் எங்களைத் திட்டினார்கள். "நல்லா இருந்த சம்பந்தத்தைக் கெடுக்கப் பார்த்தீங்களே, லைன் கெட்டா கெட்டதுன்னு சொல்றதுக்கு இன்னா கேடு?" என்றார் பாய். அப்படித் திட்டும்போதே அவர்கள் சம்பந்தியாகிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நாங்கள் அதற்குப் பிறகு பலகைக்கு அடியில் ஒரு சிட்டையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அதில் பெயர் கிடையாது. எந்த லைன், எப்போதிலிருந்து, என்ன செய்தால் சமாளிக்கலாம், அவ்வளவுதான். சூப்பர்வைசரின் டைரி அதுபாட்டுக்கு அழகாக நிறைந்துகொண்டு இருந்தது.

இதைக் கலாவிடம் சொன்னபோதுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். ஆனால் என் கதையை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. "பேரே இல்லாம முடியாது அத்தை. இத யாரு கடைசியா தொட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் அவங்களப் போய்க் கேக்க முடியும். கேக்கறதுக்குப் பேர் வேணும், மாட்டறதுக்கு வேணாம்" என்றாள். பிறகு என் கையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிக் காட்டினாள். முதல் வரியில் என்ன நின்றுபோனது என்பது, அதனால் யாருடைய வேலை காத்திருக்கிறது என்பது. அடுத்து எந்த நேரத்திலிருந்து. அதற்கு அடுத்து, இதே மாதிரி முன்னால் எப்போதாவது வந்திருக்கிறதா, அப்போது எப்படிச் சரி செய்தார்கள். கடைசியில் டெர்மினல் எண், 'விவரத்துக்கு இவர்களைக் கேட்கவும்' என்று பெயர். அந்தத் தாள் முதலில் உங்கள் கூட்டத்தின் மேஜைக்கு வர வேண்டும், மேனேஜர் மேஜைக்கு அப்புறம் போகட்டும் என்றாள். "அவரு செஞ்சது நல்ல சாமான் அத்தை. அது இல்லன்னா எந்த நேரத்துல அழிஞ்சிதுன்னு கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிருக்கும். அது யாருக்காகன்னுதான் அவரு யோசிக்கல" என்றாள். உன்மேல் கோபமாக இருக்கிற நேரத்திலும் உன் வேலையை அவ்வளவு நியாயமாகப் பேசுகிற பெண்ணைப் பார்த்து, இவளை விட்டுவிடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது கேட்டே விட்டேன். "கல்யாணத்தைப் பத்தி இன்னாம்மா முடிவு பண்ணியிருக்கே?" என்றேன். காலி டம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு உங்க வூட்ல ஏதோ ஒண்ணு உடையும் அத்தை. எல்லா வூட்லயும் உடையும். யார் உடைச்சதுன்னு நாலு பேர் கேப்பாங்க. அப்பவும் இவரு கீழ பார்த்துக்கினு நிப்பாரா? அது தெரிஞ்சுட்டா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." நீ அப்படி நிற்க மாட்டாய் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஒரு தடவை நின்றிருக்கிறாயே, எப்படிச் சொல்ல?

அதனால் எழுதுகிறேன். அவளுக்கு நகை வாங்காதே, பூ வாங்காதே, ஹாஸ்டல் வாசலில் போய் மன்னிப்புக் கேட்டுக் கண்ணைக் கசக்காதே. தனியாகச் சொல்கிற எதுவும் இதற்கு உதவாது. அவளைக் கேட்டது பத்துப் பேருக்கு நடுவில், நீயும் அங்கேயே பேசு. வருகிற திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து நில். அந்தச் சீட்டில் யார் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியாது என்று சொல், உன் தாளுக்கும் தெரியாது என்று சொல். நானாகவும் இருந்திருக்கலாம் என்று சொன்னால் இன்னும் நல்லது, ஏனென்றால் அது உண்மை. நீயும் அதே பெயரில் வேலை செய்கிறவன்தானே. போர்டில் இருக்கிற தாளை உன் கையாலேயே எடு. மேனேஜர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், உன் புரோகிராமைக் குப்பையில் போட்டாலும் போடட்டும். அதைத் திரும்ப எழுத உனக்குத் தெரியும். கலா கிறுக்கிய பஸ் டிக்கெட்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. திரும்ப எழுதும்போது வேண்டியிருக்கும்.

உன் நைனா இவ்வளவையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவ்ளோ எழுதணுமா? எழுந்து நின்னு பேசுடான்னு ஒரு வரி போதாதா?" என்கிறார். போதும்தான். ஆனால் உன்னைப் பெற்றவளுக்கு ஒரு வரியில் மனசு ஆறாது.

நேற்று பஜார் அச்சகத்துக்காரர் வந்தார். உன் கல்யாணப் பத்திரிகைக்கு ஈய எழுத்துக் கோத்து, நூல் போட்டுக் கட்டித் தனியாக வைத்திருக்கிறாராம். கல்யாண மாசம், வேறு வேலை குவிந்து கிடக்கிறது, எழுத்துப் பற்றவில்லை, "கலைச்சிடட்டுமா?" என்று கேட்டார். உன் பெயரும் அவள் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் தலைகீழாக அந்த ஈயத்தில் இருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ பேசப்போகிற திங்கட்கிழமைக்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கலைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் அவரால் தாங்காது.

திங்கட்கிழமை பேசிவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறு. செஞ்சிக்கு டிக்கெட் எடுக்காதே. திண்டிவனத்தில் இறங்கு.

உன் அம்மா